வேகக் காருக்கு எவ்வளவு காற்று?

திண்டுக்கல்லில் எந்த பங்க்குக்குப் போனாலும் காற்று அடிக்கிறவர் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவுண்ணே வைக்க?" பதிலும் அநேகமாக ஒன்றுதான்: "முப்பத்திரண்டு வைப்பா." பழைய ஆல்டோவுக்கும் முப்பத்திரண்டு, போலோ ஜி.டி.க்கும் முப்பத்திரண்டு. ஆல்டோ அதைப் பொறுத்துக்கொள்ளும். ஐ20 என்-லைன், ஆக்டேவியா வி.ஆர்.எஸ். போன்ற வண்டிக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, அதன் பிடிமானத்தை ஊகத்தில் விடுவது நியாயமில்லை.

திண்டுக்கல் பேகம்பூரில் இப்படி ஒரு கார் வைத்திருந்தால் ஓட்டம் மூன்று வகையாக இருக்கும். மதுரைக்கு நான்குவழிச் சாலை, சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகள், எப்போதாவது கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. மூன்றுக்கும் தொடக்கம் ஒரே எண்தான்.

முதலில் அந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில ஐரோப்பியக் கார்களில் பெட்ரோல் மூடியின் உட்பக்கம் ஒட்டியிருப்பார்கள். முன்சக்கரம், பின்சக்கரம் தனித்தனியாகவும், ஆள் குறைவாக இருக்கும்போது, முழுச் சுமையின்போது என இரண்டு விதமாகவும் போட்டிருக்கும். 'பார்' கணக்கில் இருந்தால் 14.5-ஆல் பெருக்குங்கள், 2.4 பார் என்பது ஏறக்குறைய 35 பி.எஸ்.ஐ. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து யாரும் காற்று அடிக்க வேண்டாம். அது அந்த டயரின் உச்ச வரம்பு. உங்கள் வண்டியின் எடை டயர் கம்பெனிக்குத் தெரியாது.

வாங்கிய பிறகு பெரிய அலாய் சக்கரம் மாட்டியிருந்தால் ஸ்டிக்கரை அப்படியே நம்ப முடியாது. 'எக்ஸ்.எல்.' என்று குறித்த டயர், அதே சுமையைத் தாங்க இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாகக் கேட்கலாம். டயர் கம்பெனியின் சுமை அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது அளப்பது. சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிவிடுங்கள். பங்க்குக்குப் பங்க் மீட்டர் மாறும். உங்கள் கேஜ் ஒன்றாகவே இருக்கும். ஸ்டிக்கரில் உள்ளது குளிர்ந்த டயருக்கான எண். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அளப்பது நல்லது. தெருவோரம் நிற்கும் காரில் வெயில் படும் பக்கத்து டயர்கள் நிழல் பக்கத்தைவிடக் கூடுதலாகவே காட்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். வீட்டில் குளிர்ந்திருந்த டயர், பங்க் போய்ச் சேர்வதற்குள் சூடாகிவிடும். வழி எளிது: எவ்வளவு குறைகிறது என்பதை மட்டும் வீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரில் 35, காலையில் உங்கள் கேஜில் 31 என்றால் குறை 4. பங்க்கில் அதே டயர் 33 காட்டினால் 35 வைக்கச் சொல்லாதீர்கள். 37 வைக்கச் சொல்லுங்கள். "கூடப் போகுதேண்ணே" என்பார். போகட்டும். மறுநாள் காலை அளந்தால் 35-ஐ ஒட்டி நிற்கும்.

வெயில் காலத்தில் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது நம் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. அடியோடு தவறு. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் காற்றழுத்தம் ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏறும். சாலையில் ஓடும்போது இன்னும் நாலைந்து கூடும். இந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் கம்பெனிக்காரர் அந்த எண்ணைப் போட்டிருக்கிறார். நீங்கள் குறைத்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடிந்து நிமிரும். அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. சித்திரை மதியத்தில் நான்குவழிச் சாலையில் டயர் வெடிப்பதற்குக் காற்று கூடுவதைவிடக் குறைவதுதான் பெரிய காரணம். வேகக் கார்களின் டயர் தட்டையானது, உள்ளே காற்றின் கொள்ளளவும் குறைவு. காற்று இறங்கியிருக்கும்போது ஒரு பள்ளத்தில் இறங்கினால் அலாய் நேராக அடி வாங்கும்.

நால்வர், பெட்டி படுக்கை, நெடுந்தூரம் என்றால் ஸ்டிக்கரின் முழுச் சுமை எண்ணை வையுங்கள். சிறுமலைக்குத் தனியாக எதுவும் மாற்ற வேண்டாம். மேலே ஏறியதும் அளந்துவிட்டு, கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்காதீர்கள். இரவில் குளிர்ந்ததும் குறைந்துபோகும். கொடைக்கானல் போகிறவர்களுக்கும் இதே பதில்தான். 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் மூன்று பி.எஸ்.ஐ. வரை கூட்டிக் காட்டும். அங்கே குளிர்வதால் ஏறக்குறைய அதே அளவு இறங்கும். இரண்டும் கழிந்துவிடும்.

காற்றை இறக்கி விளையாட ஓர் இடம் உண்டென்றால் அது பந்தயத் தளம்தான். பந்தய வீரர் எஸ். கரிவரதன் பெயரில் 2003-ல் திறக்கப்பட்ட கரி ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர் சுற்று. ஸ்டிக்கர் எண்ணோடு உள்ளே போங்கள். சில சுற்றுகளுக்குப் பிறகு வெளியே வந்ததும், டயர் ஆறுவதற்குள் அளந்துவிடுங்கள். ஆறேழு பி.எஸ்.ஐ. ஏறியிருக்கலாம். ஒவ்வொன்றாக இறக்கி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். எங்கே நிறுத்துவது என்பதை டயரே சொல்லும். தளத்துக்குள் போவதற்கு முன் டயரின் தோளில் சாக்பீஸால் குறுக்குக் கோடு போடுங்கள். பல டயர்களின் தோளில் சிறு முக்கோணக் குறி இருக்கும். சாக்பீஸ் அந்த முக்கோணம் வரை அழிந்திருந்தால் சரி. அதையும் தாண்டி அழிந்திருந்தால் காற்று போதாது. அதுவரை வரவே இல்லையென்றால் கூடுதல். வெப்பமானி வைத்திருப்பவர் டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றையும் அளக்கலாம். நடு மட்டும் கொதித்தால் காற்று அதிகம், இரு விளிம்பும் கொதித்தால் குறைவு.

தளத்தில் டயர் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயனே சாட்சி. 2005 ஜூன் 19-ல் இண்டியானாபொலிஸ் ஃபார்முலா ஒன் பந்தயத்தில், சரிவான கடைசி வளைவின் சுமையைத் தாங்காது என்று மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் விலகின. ஓடியது ஆறே கார்கள். நரேன் நான்காவதாக வந்தார்.

தளத்திலிருந்து கிளம்பும் முன் மறக்காமல் பழைய அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். பழனி வழியாக ஊர் திரும்ப 150 கிலோமீட்டர் இருக்கிறது. டிக்கியில் ஒரு சிறிய கம்ப்ரசர் கிடந்தால் நல்லது.

நைட்ரஜன்? சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு அதுதான். ஈரமில்லாமல் இருக்கும், சற்று மெதுவாகக் கசியும். சூட்டில் அதுவும் விரியத்தான் செய்யும். ஓசியில் கிடைத்தால் அடியுங்கள். டேஷ்போர்டில் டயர் விளக்கு எரியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். பல கார்களில் கால் பங்கு காற்று போன பிறகுதான் அது எரியும்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை அளந்தால் போதும், ஸ்டெப்னியையும் சேர்த்து. அது ஒல்லியான தற்காலிக வகையாக இருந்தால் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. கேட்கும், மாட்டியிருக்கும்போது வேகம் 80-ஐத் தாண்டக் கூடாது.