அடையாறு புல்தரைக்குக் களை வந்த வழி

அன்புள்ள கயல்,

உங்கள் குடியிருப்பில் காசு கொடுத்துப் பதித்த கொரியப் புல்லுக்குள் ஒரே மழைக்காலத்தில் இத்தனை களை எப்படி வந்தது என்று கேட்டிருந்தாய். "எல்லாம் காத்துல வந்ததும்மா" என்று தோட்டக்காரர் சொன்னதை உன்னால் நம்ப முடியவில்லை. அவர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியில் மனிதர்களான நமக்குப் பெரிய பங்கு உண்டு.

காற்றில் வருவதற்குத் தாத்தாப்பூ நல்ல சாட்சி. வெட்டுக்காயப் பூண்டு என்பதும் அதுதான். மஞ்சள் பூ காய்ந்ததும் வெள்ளை மயிர்ப்பந்தாக விரியும். ஒவ்வொரு மயிர்க்கொத்தின் அடியிலும் ஒரு விதை. மத்திய அமெரிக்காவில் பிறந்த இந்தச் செடி இப்போது தி. நகர் நடைபாதை விரிசலில்கூட முளைக்கிறது.

காற்றை நம்பாமல் தானே விதையை எறியும் செடிகளும் உண்டு. புளியாரையின் முற்றிய காயைத் தொட்டுப் பார்: விதையைச் சுற்றியுள்ள உறை சட்டென்று வெளிப்புறமாகப் புரண்டு, விதையைத் தூர வீசும். பட்டாசுக்காய்க்கு ஈரம் வேண்டும். காய்ந்த காயில் தண்ணீர் பட்டதும் 'பட்' என்று வெடிக்கும். சிதறிய விதைகள் நனைந்தவுடன் பிசுபிசுப்பாகி, விழுந்த இடத்திலேயே மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். முளைக்க மழை தேவை என்பதால் மழையையே வெடிக்கும் நேரமாக வைத்திருக்கிறது அந்தச் செடி. இதைவிட அழகான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

வறண்ட மேடுகளில் வளரும் ஊசிப்புல் தன்னைத் தானே நட்டுக்கொள்ளும். விதையின் நுனி கூர்மையானது. பின்னால் நீண்ட முறுக்கு வால். ஈரத்தில் முறுக்கு அவிழும், வெயிலில் மறுபடி ஏறும். அந்தச் சுழற்சியில் விதை திருகாணிபோல் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

இனி நம் பங்கு. நாயுருவியும் ஒட்டுப்புல்லும் பாவாடை ஓரத்தில் தொற்றி வீடு வரும். நெருஞ்சி முள் செருப்பிலும் சைக்கிள் டயரிலும் குத்திக்கொண்டு வரும். நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடந்துவிட்டு வந்ததும் செருப்பின் அடியைத் திருப்பிப் பார். ஆனால் நம்மால் நேரும் பெரிய வரவு லாரியில் நடக்கிறது. புல் பதிக்கக் கொட்டும் செம்மண்ணிலும் சரியாக மக்காத சாண எருவிலும் விதைகள் நிறைய இருக்கும். பல விதைகள் மாட்டின் வயிற்றைக் கடந்தும் உயிரோடு வெளிவரும். கோரை பெரும்பாலும் விதையால் வருவதே இல்லை. அதன் கிழங்குகள் மண்ணோடு வந்து இறங்குகின்றன. மேலே தெரியும் இலையைப் பிடுங்கினால் போதாது, கிழங்கையும் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு வளாகத்தில் புல் வெட்டிய இயந்திரத்தைக் கழுவாமல் அடுத்த வளாகத்துக்குக் கொண்டுபோவதும் விதைப்பதுதான்.

வந்த விதை எல்லாம் உடனே முளைத்துவிடாது. அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் 1879இல் களை விதைகளைக் குப்பிகளில் மணலோடு புதைத்து வைத்தார். 2021இல் தோண்டி எடுத்த குப்பியிலிருந்தும் சில விதைகள் முளைத்தன! சிறு விதைகள் பலவற்றுக்கு வெளிச்சம் பட வேண்டும். மண்ணைக் கிளறும்போது ஆழத்தில் தூங்கிய விதை மேலே வந்து வெளிச்சம் கண்டு விழித்துக்கொள்கிறது. அதனால்தான் களை எடுக்கிறேன் என்று புல்தரையைக் கண்டபடி கொத்துவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அடர்ந்த புல்லுக்கு நடுவே களைக்கு இடம் கிடைப்பது கடினம். புல்லை ஒட்ட வெட்டினாலோ, ஒரே தடத்தில் நடந்து சொட்டை விழுந்தாலோ, முதலில் வந்து உட்காருவது களைதான். சொட்டையில் உடனே புல்லை ஒட்டுப்போடச் சொல். எந்தக் களையையும் பூப்பதற்கு முன் பிடுங்க வேண்டும். 1950களில் புணேயில் கவனத்துக்கு வந்து நாடெங்கும் பரவிய பார்த்தீனியத்தின் ஒரே செடி 15,000 விதைகளுக்கு மேல் தரக்கூடியது. அதை மட்டும் வெறுங்கையால் தொடாதே. தோலில் அரிப்பும் கொப்புளமும் வரும்.

மண்ணில் எவ்வளவு விதை ஒளிந்திருக்கும் என்று சார்லஸ் டார்வின் ஒரு குளத்துச் சேற்றைக் கொண்டு பார்த்தார். மூன்று கரண்டிச் சேறுதான், ஒரு கோப்பைக்குள் அடங்கிவிடும். ஆறு மாதம் மூடி வைத்து, முளைத்தவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணினார். மொத்தம் 537 செடிகள்.

நீயும் செய்து பார். ஐப்பசி மழை தொடங்கியதும் வீட்டில் எல்லோருடைய செருப்படி மண்ணையும் சுரண்டி, கொதிக்க வைத்து ஆற்றிய மணல்மேல் ஒரு தட்டில் பரப்பி, நிழல் வெளிச்சத்தில் வைத்துத் தண்ணீர் தெளி. பக்கத்தில் வெறும் மணல் மட்டும் உள்ள தட்டு ஒன்றும் இருக்கட்டும். எந்தத் தட்டில் என்ன முளைத்தது என்று இலையை வரைந்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா