"நாய்க்குப் போடு"

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் ஈரத்திற்குக் குறைவில்லை. நான்கு நாள் மழை பெய்தால் போதும், டப்பாவில் மறந்துவிட்ட நிலக்கடலையில் பச்சை நிறத்தில் பூஞ்சை பூத்துவிடும். "நாம் சாப்பிட முடியாது, நாய்க்குப் போடு" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். உணவை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால், நாய்க்கும் நம்மைப் போல ஒரு கல்லீரல் உண்டு.

1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பல நாய்கள் கல்லீரல் பழுதாகி இறந்தன. காரணம் புரியாததால் மருத்துவர்கள் அந்நோய்க்கு 'ஹெபடைடிஸ் எக்ஸ்' என்று பெயரிட்டனர். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை அதில் ஒரு நச்சைச் சுரந்திருந்தது. பூஞ்சையின் பெயரிலிருந்தே அந்த நச்சுக்கு 'அஃப்லாடாக்ஸின்' என்ற பெயர் வந்தது. நாய்களைக் கொன்றதும் இதே நச்சுதான் என்று பின்னர் தெரிந்தது.

இது எங்கோ நடந்த கதையன்று. 1988ஆம் ஆண்டு அக்டோபரில், நம் அண்டை மாநிலமான பேராக்கில் ஒருவகை மீ சாப்பிட்ட 13 சிறுவர்கள் கல்லீரல் செயலிழந்து இறந்தனர். விசாரணையில் அஃப்லாடாக்ஸின் கண்டறியப்பட்டது.

நிலக்கடலை, சோளம், அரிசி ஆகியவற்றில் இந்தப் பூஞ்சை எளிதில் வளரும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். பினாங்கில் இவ்விரண்டும் ஆண்டு முழுவதும் உண்டு. எல்லாப் பூஞ்சையும் இந்த நச்சைச் சுரப்பதில்லை. ஆயினும், எது சுரக்கும், எது சுரக்காது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வேகவைத்தாலும் நச்சு முழுதாக அழியாது. பூஞ்சை பிடித்த பகுதியை மட்டும் கிள்ளி எறிவதும் பயன் தராது. நாய்த்தீவன மூட்டையைத் திறந்தபடி சமையலறைத் தரையில் வைத்திருப்போரும் இதைக் கவனிக்க வேண்டும்.

கல்லீரல் இரத்தத்திலுள்ள நச்சை நீக்குகிறது, பித்தநீரைச் சுரக்கிறது, இரத்தம் உறைய உதவும் புரதங்களை உருவாக்குகிறது. இத்தனை வேலை செய்தாலும் அது எளிதில் முறையிடாது. பெரும்பகுதி பழுதான பிறகே அறிகுறிகள் வெளிப்படும். நாய் உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், வாந்தி எடுக்கும், மூலையில் சுருண்டு படுக்கும். சிறுநீர் அடர்நிறமாகும். உதட்டை மெல்ல உயர்த்திப் பார்த்தால் ஈறு மஞ்சளாக இருக்கும். கண்ணின் வெண்பகுதியும் அப்படியே.

அந்நிலையில் வீட்டிலுள்ள பாரசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. அம்மாத்திரையும் நாயின் கல்லீரலைத் தாக்கக்கூடியது. அஃப்லாடாக்ஸினுக்கு முறிமருந்து இல்லை. மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்து, நரம்பு வழியாக நீர்மம் ஏற்றி, கல்லீரல் தேறுவதற்கு அவகாசம் தேடித் தருவார். கடந்த சில நாள்களில் நாய் என்ன தின்றது என்பதே அவர் முதலில் கேட்கும் கேள்வியாக இருக்கும். மீதமுள்ள தீவனத்தையும் மூட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.