புது மரவில் வந்தாயிற்று, அடுத்து என்ன? தொடக்கக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

திருவண்ணாமலையிலிருந்து மேற்கே செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் போனால் வயலோரங்களில் நடுகற்கள் நிற்பதைப் பார்க்கலாம். பல்லவர் காலத்தவை நிறைய. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனி நூலே கொண்டுவந்தது. அந்தக் கற்களில் நிற்கும் வீரர்கள் பலருக்கு ஒரு கையில் வில், மறு கையில் வாள். மாடு கவர வந்தவர்களை மறித்து உயிர்விட்டவர்கள் அவர்களில் அதிகம். எடுத்தனூர்க் கல்லில், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயும் இடம் பிடித்திருக்கிறது.

ஆக, இந்த வட்டாரத்துக்கு வில் புதிதல்ல. ஆனால் அதைச் செய்த கையும் எய்த கையும் எப்போதோ போய்விட்டன. இன்று இங்கே ஒருவருக்கு மரவில் மேல் ஆசை வந்தால் இணையத்தில் தேடி, ‘பாரம்பரிய வேட்டை வில்’ என்று பெயர் போட்ட ஒன்றைப் பார்சலில் வரவழைக்கிறார். பிரித்ததும் நாணை மாட்டி, காது வரை இழுத்து, அம்பில்லாமலே விட்டுப் பார்க்கிறார். பல வில்கள் அந்த முதல் அரைமணி நேரத்தில்தான் கெடுகின்றன. இந்த வழிகாட்டி அந்த அரைமணி நேரத்தைத் தள்ளிப்போடுவதற்காக.

வேட்டை பற்றி முதலிலேயே பேசிவிடுவோம்

பெயர் வேட்டை வில் என்றாலும் இந்தியாவில் அதைக்கொண்டு காட்டு விலங்கை வேட்டையாட முடியாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. கொன்றால்தான் வேட்டை என்பதில்லை. விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, முயன்று பார்ப்பது எல்லாமே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். ஆயுதம் எது என்று சொல்லும் பிரிவில் துப்பாக்கி, கண்ணி, விஷம் ஆகியவற்றோடு வில்லும் அம்பும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. காட்டுக்குள் வில்லோடு போய்விட்டு ‘சும்மா பழகத்தான் வந்தேன்’ என்று வனக்காவலரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

அண்ணாமலையும் கிரிவலப் பாதையை ஒட்டிய காடும் அறவே கூடாது. அங்கே புள்ளிமான் திரிகிறது, சாதுக்கள் படுத்திருப்பார்கள், பௌர்ணமியன்று 14 கிலோமீட்டரும் மனிதத் தலைதான். ‘ஆள் இல்லாத மூலை’ என்று அந்த மலையில் எதுவும் கிடையாது.

வருத்தப்பட ஒன்றுமில்லை. மரவில்லுக்கு நம் நாட்டில் கௌரவமான வேறு வழி இருக்கிறது. ‘இந்தியன் ரவுண்ட்’ என்ற போட்டிப் பிரிவு மூங்கில் வில்லுக்கானது. 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும் இலக்கை எய்வார்கள். ராஜஸ்தானின் லிம்பா ராம், ஜார்க்கண்டின் தீபிகா குமாரி இருவரும் மூங்கில் வில்லில் தொடங்கி ஒலிம்பிக் வரை போனவர்கள்.

பார்சலைப் பிரித்ததும்

முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. வடக்கேயோ வடகிழக்கிலோ செய்த வில் நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். நாண் மாட்டாமல், நிழலான அறையில் படுக்க வையுங்கள்.

பிறகு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எய்யும்போது இலக்கைப் பார்த்திருக்கும் புறம் வில்லின் முதுகு. உங்களைப் பார்த்திருப்பது வயிறு. மூங்கில் வில்லில் பச்சைத் தோல் இருந்த புறமே முதுகாக வரும், ஏனென்றால் இழுவிசையைத் தாங்கும் நார் அங்கேதான் நெருக்கமாக இருக்கிறது. முதுகில் பஞ்சை மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். எங்காவது பஞ்சு சிக்கினால் அங்கே சிம்பு எழும்பியிருக்கிறது. வயிற்றில் குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடு தெரிந்தால் மரம் நசுங்கத் தொடங்கிவிட்டது. இரண்டில் எது இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். ஃபெவிகால் தடவிச் சமாளிக்கும் விஷயமல்ல.

என்ன மரம் என்றும் கேளுங்கள். மூங்கில் என்றால் உள்ளே பொந்து குறைந்த கல்மூங்கில் நல்லது. நம் காடுகளில் உள்ள சடச்சி, வடக்கே தாமன் எனப்படுவது, வளைந்து மீளும் தன்மைக்காகப் பழைய நாளிலிருந்தே வில்லுக்குப் பேர்போனது. ‘தேக்கு வில்’ என்று பெருமையாக விற்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். கதவுக்கு நல்ல மரமெல்லாம் வில்லுக்கு நல்ல மரமாகிவிடாது.

எத்தனை பவுண்டு?

வில்லின் பலத்தைப் பவுண்டில் சொல்வார்கள்; பொதுவாக 28 அங்குலம் இழுக்கும்போது விரல்களில் விழும் பாரம் அது. வேட்டைக்கென்று செய்யும் வில்கள் 40, 45, 50 பவுண்டு இருக்கும். அதாவது 18 முதல் 23 கிலோ வரை. அரிசி மூட்டை தூக்குகிற ஆள்கூட இதில் திணறுவார், ஏனென்றால் இங்கே வேலை செய்வது முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள தசைகள். அன்றாட வேலையில் அவற்றுக்கு இவ்வளவு வேலை இருப்பதில்லை.

பெரியவர் ஒருவர் 20 முதல் 25 பவுண்டில் தொடங்கலாம். 45 பவுண்டு வில்லை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சுவரில் மாட்டுங்கள். மலிவான மூங்கில் வில் ஒன்றில் சில மாதம் பழகிவிட்டு அதற்கு வாருங்கள். இதை யாரும் கேட்பதில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். பாரம் மிஞ்சிய வில்லில் பழகியவர் இழுப்பதற்குள் நடுங்கி, குறி பார்ப்பதற்குள் விட்டுவிடுவார். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பின்னால் 20 பவுண்டு வில்லிலும் போகாது.

விற்றவர் சொன்ன எண்ணை நம்ப வேண்டாம். கீழே சொல்லும்படி வில்லைப் பழக்கி முடித்த பிறகு, பழைய பேப்பர் கடைக்காரர் வைத்திருக்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி, 28 அங்குலம் வரை நிதானமாக இழுத்துப் பாருங்கள். வந்த கிலோவை 2.2-ஆல் பெருக்கினால் பவுண்டு. அதற்கு முன் வில்லின் நீளத்தை அளந்துகொள்வது முக்கியம்: இழுக்கப்போகும் அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் சற்று மேலே இருக்க வேண்டும். 28 அங்குலம் இழுக்க வேண்டுமானால் வில் 60 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

நாண் ஏற்றுவது

வில்லைக் காலுக்கிடையில் விட்டு வளைப்பது சினிமாவில் அழகாக இருக்கும். வீட்டில் அப்படிச் செய்தால் வில்லின் ஒரு பாதி முறுக்கிக்கொள்ளும். அதற்கென்று இரு முனையிலும் தொப்பி வைத்த கயிறு விற்கிறார்கள். இரு முனைகளிலும் தொப்பியை மாட்டி, கயிற்றின் நடுவில் கால் வைத்து, கைப்பிடியை மேலே தூக்கினால் வில் தானே வளையும். நாணின் கண்ணியைக் குதையில், அதாவது முனையில் உள்ள வெட்டில், தள்ளிவிட வேண்டியதுதான். முகத்தை முனைக்கு நேராக வைக்காதீர்கள். கண்ணி இரு குதையிலும் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே கயிற்றை எடுங்கள்.

கைப்பிடியிலிருந்து நாண் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? கைப்பிடியில் முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினால் விரல் நுனி நாணைத் தொட வேண்டும். ஏறக்குறைய 6 முதல் 7 அங்குலம். குறைந்தால் நாண் மணிக்கட்டில் அறையும். கூடினால் வில் வீணாக வருந்தும். நாணை முறுக்கினால் இடைவெளி கூடும், முறுக்கைப் பிரித்தால் குறையும். புது நாண் முதல் சில நாள் நீளும் என்பதால் அடிக்கடி பாருங்கள்.

நாண் ஏற்றியதும் கைபேசியில் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மேல் பாதியும் கீழ் பாதியும் ஏறத்தாழ ஒரே வளைவாக இருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட இது வேண்டும்.

வில்லைப் பழக்குவது

இந்தப் பகுதியை மட்டுமாவது தாண்டிப் போகாதீர்கள்.

கண்ணாடி இழை வில்லுக்கு முதல் நாளும் நூறாவது நாளும் ஒன்றுதான். மரவில் அப்படியில்லை, நார்கள் ஒவ்வொன்றாக வேலைக்குப் பழக வேண்டும். முதல் நாள் பாதி அளவு மட்டும் இழுத்து, அப்படியே மெதுவாகத் திரும்ப விடுங்கள். முப்பது முறை போதும். அடுத்தடுத்த நாள்களில் ஓரிரு அங்குலம் கூட்டிக்கொண்டே போய், ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். இடையில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் நிறுத்திவிட்டு முதுகைப் பாருங்கள்.

அம்பில்லாமல் நாணை விடவே கூடாது. இழுக்கும்போது நீங்கள் ஏற்றிய சக்தி அம்போடு போக வேண்டியது. அம்பு இல்லையென்றால் அது வில்லுக்குள்ளேயே திரும்பி முனைகளை உதறும். நண்பர்கள் வந்து ‘குடுடா பார்ப்போம்’ என்று வாங்கும்போதுதான் இது நடக்கும். வில்லைக் கொடுப்பதற்கு முன்பே நாணைக் கழற்றிவிடுவது நட்புக்கும் நல்லது.

முழுக்க இழுத்தபடி இரண்டு மூன்று விநாடிக்கு மேல் நிற்காதீர்கள். பயிற்சி முடிந்ததும் நாணை இறக்குங்கள். பழகிய வில் நாண் இல்லாதபோதும் ஒன்றரை, இரண்டு அங்குலம் வளைந்தே இருக்கும். அது இயல்பு. அதை நேராக்குகிறேன் என்று எதிர்ப்பக்கம் வளைத்தால் முறியும்.

அம்பு

நல்ல வில்லும் கெட்ட அம்பும் சேர்ந்தால் கெட்ட வில்தான். மரவில்லுக்குச் சற்றுக் கனமான அம்பு வேண்டும். 25 பவுண்டு வில்லுக்கு 16 கிராமுக்கு மேல், 40 பவுண்டுக்கு 26 கிராமுக்கு மேல் இருந்தால் வில்லுக்கு அதிர்ச்சி குறையும். தெரிந்த நகைக்கடையில் எடை போட்டுப் பார்த்துவிடலாம்.

எடையைவிட முக்கியம் அம்புத் தண்டின் விறைப்பு, ‘ஸ்பைன்’ என்பார்கள். விட்ட கணத்தில் அம்பு நேராகப் போவதில்லை, கைப்பிடியைச் சுற்றி வளைந்து நெளிந்துதான் புறப்படுகிறது. வலக்கைக்காரருக்கு அம்புகள் தொடர்ந்து இடப்பக்கம் போனால் தண்டு விறைப்பு அதிகம், வலப்பக்கம் போனால் குறைவு என்று கொள்ளலாம், எய்யும் முறை சீராக இருக்கும் பட்சத்தில். தொடக்கத்தில் அது சீராக இருக்காது, எனவே முதல் மாதத்தில் அம்பைக் குறை சொல்ல வேண்டாம்.

முனை மழுங்கலான பயிற்சி முனையாக இருக்கட்டும். ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்னும் தண்டை லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். விரிசல் விட்ட அம்பு புறப்படும்போது உடைந்தால் சிம்பு போய் நிற்குமிடம் உங்கள் இடக்கைதான்.

எங்கே எய்வது?

சொந்த நிலம், அல்லது அனுமதி பெற்ற நிலம். இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். ஏரிக்கரையின் மேல் ஆள் நடக்கும், மறுபக்கம் மாடு மேயும், ஆகவே அது வேண்டாம். நம் ஊரில் எங்கும் கிடக்கும் பாறையும் ஆகாது. அதில் பட்ட அம்பு எந்தத் திசையில் திரும்பும் என்று சொல்ல முடியாது. அறுவடைக்குப் பின் இயந்திரம் கட்டிப்போடும் வைக்கோல் கட்டு அருமையான இலக்கு. இல்லையென்றால் சணல் சாக்கில் பழந்துணியை இறுக்கி அடைத்தால் போதும். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் வில்வித்தைப் பயிற்சி பற்றி விசாரிக்கவும் செய்யுங்கள். கோச் ஒருவர் பக்கத்தில் நின்று திருத்தும் ஒரு மணி நேரத்துக்கு எந்தக் கட்டுரையும் ஈடாகாது.

நிற்பது, இழுப்பது, விடுவது

எந்தக் கண் உங்கள் ஆளும் கண் என்று முதலில் கண்டுபிடியுங்கள். இரு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சின்னத் துவாரம் விட்டு, கையை நீட்டி, இரு கண்ணாலும் தூரத்தில் ஒன்றைப் பாருங்கள். 217 அடி ராஜகோபுரத்தின் உச்சி இதற்கு வசதி. ஊரின் பல மாடிகளிலிருந்து தெரியும். பிறகு ஒரு கண்ணை மூடுங்கள். கோபுரம் துவாரத்திலேயே நின்றால் திறந்திருப்பதே ஆளும் கண். அது வலக்கண் என்றால் வலக்கையால் நாணை இழுங்கள்.

இலக்குக்குப் பக்கவாட்டாக, தோள் அகலத்துக்குக் கால் பரப்பி நில்லுங்கள். அம்பின் குதையை நாணில் பொருத்தும் இடத்தில் நூல் சுற்றி அடையாளம் வையுங்கள். அம்பு தங்கும் இடத்திலிருந்து நாணுக்குப் போகும் செங்குத்துக் கோட்டுக்கு அரை அங்குலம் மேலே இருக்கலாம். சுட்டுவிரல் அம்புக்கு மேலே, அடுத்த இரு விரல்கள் கீழே. கட்டைவிரலுக்கு இந்த முறையில் வேலையே இல்லை. துரோணர் கேட்டது எந்த விரலை என்று நினைத்துப் பார்த்தால், ஏகலைவன் இப்படி இழுத்திருந்தால் ஒன்றும் இழந்திருக்க மாட்டான்.

வில் பிடித்த முழங்கையின் உட்புறம் நாணின் வழியில் வராதபடி சற்றுத் திருப்பிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கைக்காப்பு போட்டிருந்தாலும் கன்றிப்போகும். நாணைக் கையால் இழுக்காமல் முழங்கையைப் பின்னால் கொண்டுபோவதாக நினைத்து இழுங்கள். நடுவிரல் வாயின் ஓரத்தைத் தொடட்டும். ஒவ்வொரு முறையும் அதே இடம். விடுவது என்பது விரல்களைத் தளர்த்துவது மட்டுமே. அம்பு தைக்கும் வரை வில் பிடித்த கை அசையக் கூடாது.

முதல் இரண்டு வாரம் 5 மீட்டர் தூரம், இலக்கில் புள்ளியே வேண்டாம். புள்ளி இருந்தால் கவனம் அங்கே ஓடிவிடும், உடம்பு என்ன செய்கிறது என்று தெரியாது. அதன் பிறகு 10 மீட்டர், 15 மீட்டர் என்று போகலாம். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது அம்பு நிறைய. தோள் வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

வெயில், மழை, பராமரிப்பு

திருவண்ணாமலைக் கோடை மரவில்லுக்குப் பகை. 40 டிகிரி வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ தகரக் கூரைக்குக் கீழே பரணிலோ வைத்தால் மரம் காய்ந்து, அடுத்த முறை இழுக்கும்போது படக்கென்று போகும். அக்னி நட்சத்திரத்தில் காலை எட்டு மணிக்குள் பயிற்சியை முடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் வேறு தொல்லை: ஈரம் குடித்த மரம் சோர்ந்து அதிகமாக வளைந்துபோகும். நனைந்தால் துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். அடுப்படிச் சூடு கூடாது. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசினால் போதும். நாணுக்குத் தேன்மெழுகு தேய்க்க வேண்டும். ஜவ்வாது மலைத் தேன் விற்பவர்களிடம் கேட்டால் மெழுகும் கிடைக்கலாம்.

வைக்கும்போது சுவரில் இரண்டு ஆணி அடித்துப் படுக்கை வாட்டில் வையுங்கள். மூலையில் சாய்த்தால் கீழ் முனை நாளடைவில் கோணும். பஸ்ஸில் கொண்டுபோக நேர்ந்தால் நாணைக் கழற்றித் துணியில் சுற்றி, அம்புகளை மூடிபோட்ட பிவிசி குழாயில் போட்டுக்கொள்ளுங்கள். கார்த்திகை தீபத்தன்றும் பௌர்ணமியன்றும் வில்லை வெளியே எடுக்கவே வேண்டாம்.

மாதம் ஒருமுறை முதல் நாள் எடுத்த படத்தோடு வளைவை ஒப்பிடுங்கள். ஒரு பாதி மட்டும் அதிகம் வளைந்திருந்தாலும், நாண் இல்லாத வளைவு மூன்று அங்குலத்தைத் தாண்டினாலும் எய்வதை நிறுத்திவிட்டு, வில் செய்யத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நாணில் இழை பிரிந்தால் முடிச்சுப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். புது நாண் சில நூறு ரூபாய்தான்.