குரூசர் பைக் வாங்கப் போகிறீர்களா?

ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைகள் இயங்கும் மாவட்டம் நம் காஞ்சிபுரம். அந்தப் பெருமைக்காக மட்டும் வண்டியை புக் செய்துவிடாதீர்கள்.

சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். மீட்டியார் 350-க்கு சீட் உயரம் 765 மி.மீ., எடை 191 கிலோ. சூப்பர் மீட்டியார் 650 இன்னும் தாழ்வு, 740 மி.மீ.; ஆனால் எடை 241 கிலோ. பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரி கடக்கும்போது அந்த எடை வண்டியை அலையவிடாது. அதையே முகூர்த்த நாளில் காந்தி ரோட்டுப் பட்டுக்கடை வாசலில், கார்களுக்கு நடுவே பின்னால் தள்ளிப் பாருங்கள்; தோள்பட்டை பதில் சொல்லும். ஊருக்குள் ஓட்டம்தான் அதிகம் என்றால் 350 போதும் என்பேன்.

நாளெல்லாம் தறிக்குழியில் உட்காருபவர்கள் இடுப்பை முதலில் கவனியுங்கள். குரூசரில் கால் முன்னால் நீள்வதால் பாரம் முழுக்க வால் எலும்பில் இறங்கும். பள்ளம் வந்தால் காலூன்றி எழுவதும் கஷ்டம். ஆகவே டெஸ்ட் ரைடை அரை மணி நேரமாவது கேட்டு வாங்குங்கள். ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பும்போது முதுகு முன்னால் இழுபட்டால் அந்த வண்டி உங்கள் அளவுக்கு இல்லை. வீட்டில் யார் பின்னால் உட்காரப் போகிறார்களோ, அவர்களையும் கூட்டிப் போங்கள்.

திருவண்ணாமலை போன்ற தூரப் பயணம் என்றால், டயர் சூடேறும் முன்பே காற்றுப் பாருங்கள். இருவர் போவதானால் பின் டயருக்கு மேனுவலில் சொன்ன கூடுதல் அளவு.