மார்பில் கட்டி தட்டுப்பட்டால்...

குளிக்கும்போது மார்பில் சின்னதாக ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது. அன்று ராத்திரி தூக்கம் போச்சு. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போனை எடுத்துத் தேடினால், முதலில் வந்து நிற்பது புற்றுநோய்தான். சிலர் பயந்து அழுகிறார்கள். சிலர், 'வலிக்கவே இல்லையே, ஒண்ணும் இருக்காது' என்று ஆறு மாதம் தள்ளிப்போடுகிறார்கள். இந்த இரண்டாவதுதான் ஆபத்து.

மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. இளம்பெண்களுக்கு அதிகம் வருவது ஃபைப்ரோஅடினோமா. கோலிக்குண்டு மாதிரி வழவழப்பாக இருக்கும், தொட்டால் நழுவி ஓடும். பரிசோதனையில் அதுதான் என்று உறுதியாகி, சின்னதாகவும் இருந்தால் ஆபரேஷன்கூட வேண்டாம், கவனித்து வந்தால் போதும். வேகமாக வளர்ந்தால் எடுத்துவிடுவார்கள். 35 வயதுக்கு மேல் நீர்க்கட்டிகள் வரலாம். தொந்தரவு கொடுத்தால் ஊசியால் நீரை உறிஞ்சி எடுப்பார்கள். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் இரண்டு மார்பும் கனத்து வலிப்பது பெரும்பாலும் ஹார்மோன் மாற்றம்தான்.

பால் கொடுக்கும் தாய்க்கு மார்பு சிவந்து, வலித்து, காய்ச்சலும் வந்தால் பெரும்பாலும் கிருமித் தொற்று. மருந்து சாப்பிட வேண்டும், சீழ் கட்டினால் வெளியேற்ற வேண்டும். டாக்டர் சொன்னாலொழிய பால் கொடுப்பதை நிறுத்தாதீங்க. பால் தேங்கினால் வலி கூடும். ஆனால் மருந்துக்கும் அந்தச் சிவப்பு அடங்கவில்லை என்றால் மறுபடி காட்டியே ஆகணும். அரிதாக ஒரு வகைப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும்.

புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. பலரும் ஏமாறுவது இங்கேதான். கல் மாதிரி கெட்டியாக, நகராமல் இருக்கும் கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, புதிதாக உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, காம்பிலிருந்து ரத்தக்கசிவு, அக்குளில் கட்டி - இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த வாரமே போங்க. ஆண்களுக்கும் இது வரும். மார்பகப் புற்றுநோய் வரும் 100 பேரில் சுமார் ஒருவர் ஆண்.

கையால் தொட்டுப் பார்த்து மட்டும் எந்த டாக்டரும் முடிவு சொல்லக் கூடாது. மூன்று படிகள் உண்டு. முதலில் உடல் பரிசோதனை. அடுத்து படம்: 40 வயதுக்குள் என்றால் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், அதற்கு மேல் மேமோகிராம். இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் கட்டி மறைந்துபோகும், அதனால்தான் இந்த வித்தியாசம். சந்தேகம் இருந்தால் மூன்றாவதாக ஊசியால் துளி சதை எடுத்துச் செய்யும் பயாப்ஸி. 'ஊசி குத்தினா பரவிடும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். அதை நம்பிப் பயாப்ஸிக்கு மறுத்துவிட்டு, கட்டி புண்ணான பிறகு வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

புற்றுநோய் என்றே வந்தாலும் மார்பகத்தை முழுசாக எடுக்க வேண்டும் என்பதில்லை. ஆரம்ப நிலையில் பலருக்குக் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலே, முழுசாக எடுத்ததற்குச் சமமான ஆயுள் கிடைக்கிறது. கீமோ வேண்டுமா, ஹார்மோன் மாத்திரை போதுமா என்பதை ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற சோதனைகளும் நோயின் நிலையும் முடிவு செய்யும். டாமாக்சிஃபென் போன்ற மாத்திரையை ஐந்து வருஷமாவது சாப்பிட வேண்டியிருக்கும். உடம்பு தேறிடுச்சு என்று நடுவில் விட்டுவிடாதீங்க. ரிப்போர்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து போனில் தனி ஃபோல்டரில் வையுங்க, வேறு டாக்டரிடம் போகும்போது அது இல்லாமல்தான் நாள் வீணாகிறது.

30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை இலவசம். சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அட்டை இல்லாதவர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் கேட்கலாம். எங்கே போவது என்றே தெரியவில்லையா? 104-க்குப் போன் போடுங்க. பெண் டாக்டர் இருந்தால் தேவலை என்று நினைப்பதில் தப்பே இல்லை, அதையும் கேட்டுக்கொள்ளலாம்.