சீனியா, ரொட்டியா, எண்ணெயா? எடை குறைக்க மலையகச் சமையலறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சோற்றையும் ரொட்டியையும் விட்டால் போதும், கலோரி பார்க்கத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். எடையை இறக்குவது கலோரிக் குறைவு. மாச்சத்தைக் குறைப்பது அதற்கு ஒரு வழி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை ஒரு வருடம் கவனித்து 2018இல் முடிவை வெளியிட்டது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இறங்கினார்கள். மாச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

படி 1: இது உங்களுக்குத்தானா?

ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டெண் (BMI, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 23ஐத் தாண்டினால் கவனம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 160 சென்ரிமீற்றர் உயரமுள்ளவருக்கு அது ஏறத்தாழ 59 கிலோ. பசறையிலோ மடுல்சீமையிலோ நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண்கள் பலருக்குப் பிரச்சினை இரத்தச்சோகையும் போதாத சாப்பாடும்தான். அவர்களுக்கு இந்த வழிகாட்டி வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வேண்டாம்.

சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாமாக மாச்சத்தைக் குறைத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். கிளினிக்கில் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

படி 2: சாயத்தண்ணியில் கை வையுங்கள்

வெறும் சாயத்தண்ணியில் கலோரி இல்லையென்றே சொல்லலாம். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் சுமார் 40 கிராம் சீனி, 160 கலோரி. வயிறும் நிறையாது, சத்தும் இல்லை. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும்.

படி 3: ரொட்டியை அளந்து பாருங்கள்

100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 360 கலோரி, 76 கிராம் மாச்சத்து. மாச்சத்துக் குறைந்த உணவு என்பது பொதுவாக நாளுக்கு 130 கிராமுக்குள். ஒவ்வொன்றும் 100 கிராம் மாவில் தட்டிய ரொட்டி காலையில் இரண்டு சாப்பிட்டாலே கணக்கு தாண்டிவிடும், மதியச் சோறு இன்னும் வரவில்லை!

ரொட்டியை முழுதாக விடச் சொல்லமாட்டேன். இரண்டை ஒன்றாக்கி, பக்கத்தில் அவித்த முட்டையோ நெத்தலிக் கருவாடோ வையுங்கள். மதியம் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் வெலிமடைப் பக்கத்து கோவா, போஞ்சி, அல்லது வல்லாரை, பொன்னாங்காணிச் சுண்டல். கிழங்குக் கறி மரக்கறிக் கணக்கில் வராது, அது சோற்றுக் கணக்கு. பருப்பில் புரதம் நிறைய, ஆனால் மாச்சத்தும் உண்டு. ஒரு கரண்டியோடு நிறுத்தலாம்.

படி 4: கொழுப்பு இலவசமல்ல

பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான். மாச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 120 கலோரி, அதாவது மூன்று கரண்டி எண்ணெய் 100 கிராம் மாவுக்குச் சமம். 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரிக்குமேல். ரொட்டியை விட்டுவிட்டுச் சம்பலையும் பொரியலையும் அள்ளினால் தராசு அசையாது. அவகாடோ நம் பக்கம் நன்றாகக் காய்க்கும், நல்ல பழம், பாதி போதும். அதில் சீனி போட்டு அடித்துக் குடிக்கும் பழக்கம்தான் எனக்குப் புரியவே இல்லை.

படி 5: தராசை எப்போது நம்புவது?

முதல் வாரத்தில் இறங்கும் ஒன்றிரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்த மாச்சத்து கரையும்போது, கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரும் சேர்ந்து போகும். மறுபடி வயிறாரச் சோறு சாப்பிட்டால் அது திரும்பிவரும். அது கொழுப்பு ஏறியதல்ல, பயப்படாதீர்கள்.

வாரம் ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில் நிறுங்கள். மாதத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கினாலே நல்ல வேகம். நான்கு வாரமாக அசையாவிட்டால் சோற்றை மேலும் வெட்டாதீர்கள். எண்ணெய்க் கரண்டியையும் தேங்காயையும் முதலில் குறையுங்கள்.