ஒரு குழி மக்காச்சோளம், 55 கிலோ வேம்

வேம் என்ற வேர்ப் பூஞ்சை உயிர் உரத்தை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால், அடுத்த நாற்றங்காலுக்குத் தோட்டத்திலேயே பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் அசோஸ்பைரில்லத்தைப்போல டிரம்மில் வெல்லம் கரைத்து ஊற்றிப் பெருக்க முடியாது. இந்தப் பூஞ்சைக்கு உயிருள்ள வேர் வேண்டும். அதற்குள் புகுந்து, செடி தரும் சர்க்கரையைத் தின்றுதான் வளரும். ஆகவே வேம் வேண்டுமென்றால் முதலில் ஒரு பயிர் வைக்க வேண்டும்; இங்கே அது மக்காச்சோளம்.

செடிக்கும் இதில் ஆதாயம் உண்டு. மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. வேரை ஒட்டிச் சில மில்லிமீட்டருக்குள் இருப்பதை எடுத்துத் தீர்த்தபின், அதற்கு அப்பால் இருப்பது வேருக்கு எட்டாது. வேர்த்தூவியைவிட மெல்லிய பூஞ்சை இழைகள் பல சென்டிமீட்டர் தள்ளிப் போய் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் எடுத்து வந்து வேருக்குள்ளேயே சேர்க்கின்றன. செடி கொடுக்கும் கூலி, தான் தயாரித்த உணவில் நூற்றுக்கு 4 முதல் 20 பங்கு வரை. மண்ணில் மணிச்சத்து தாராளமாக இருந்தால் கூலி கொடுக்கச் செடிக்கு மனம் வராது. கீழே வரும் உர அளவுகள் அவ்வளவு சிறியவையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை எளிது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழத்தில் குழி வெட்டிக் கறுப்பு பாலித்தீன் தாளை விரியுங்கள். சுற்றுமண்ணிலிருந்து நோய்க்கிருமி வராமல் இருக்கத்தான் தாள். 50 கிலோ வெர்மிகுலைட்டுடன் கிருமி நீக்கிய 5 கிலோ மண்ணைக் கலந்து 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். மண்ணை வேகவைக்கப் பழைய இட்லிக் கொப்பரை போதும். துணி விரித்து ஒரு மணி நேரம் ஆவியில் வைத்து ஆற விடலாம். அந்தக் கொப்பரை பிறகு சமையலறைக்குத் திரும்ப வேண்டாம்.

வாங்கி வைத்த வேமில் ஒரு கிலோ எடுத்து, மேற்பரப்பிலிருந்து 2 முதல் 5 செ.மீ. கீழே சீராகப் பரப்பி மூடுங்கள். முளைத்த வேர் அதன் வழியாகத்தான் இறங்க வேண்டும்.

விதையில்தான் பலர் சறுக்குவார்கள். கடையில் வாங்கும் மக்காச்சோள விதைக்குச் சிவப்புச் சாயத்தோடு பூஞ்சைக்கொல்லியும் பூசியிருப்பார்கள். பூஞ்சை வளர்க்கப் போகும் இடத்தில் அதைப் போடக் கூடாது. மருந்து பூசாத விதையை 5 சத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் இரண்டு நிமிடம் முக்கி, நன்றாகக் கழுவி விதையுங்கள்.

விதைக்கும்போது குழிக்கு யூரியா 2 கிராம், சூப்பர் பாஸ்பேட் 2 கிராம், பொட்டாஷ் 1 கிராம். பிறகு 30ஆம் நாளும் 45ஆம் நாளும் யூரியா பத்துப் பத்து கிராம். பயிர் சற்று வெளுத்திருப்பதைப் பார்த்தால் இன்னும் ஒரு பிடி டி.ஏ.பி. போடக் கை அரிக்கும். போடாதீர்கள், தட்டை தழைக்கும், வேரில் பூஞ்சை தங்காது. கார்பென்டசிம் போன்ற மருந்தையும் ஊற்றக் கூடாது.

ஐம்பது நாளானதும் தண்ணீரை நிறுத்துங்கள். வாட்டம் கண்டால் பூஞ்சை வித்துகளை உண்டாக்கிக்கொள்ளும். அறுபதாம் நாள் தட்டையை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, வேரைத் தோண்டிப் பொடியாக நறுக்கி அதே கலவையில் புரட்டிவிடுங்கள். வேர்த்துண்டு, வித்து, இழை எல்லாம் சேர்ந்த 55 கிலோ வேம் தயார். நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வையுங்கள்.

வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று தேடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் பூசணம் வேம் அல்ல. சோதிக்க, சத்தில்லாத மணல் நிரப்பிய இரண்டு தொட்டிகளில் மக்காச்சோளம் போடுங்கள். ஒன்றில் தயாரித்த கலவை, மற்றதில் அதே கலவையை வேகவைத்து ஆற்றியது. வேகவைத்த தொட்டியில் இலை விளிம்பு ஊதாவாக மாறி (மணிச்சத்துக் குறைவின் அடையாளம்), மற்றது பச்சையாக நின்றால் உங்கள் குழி பலித்துவிட்டது.

நாற்றங்காலில் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்குக் கீழே 2, 3 செ.மீ. ஆழத்தில் இடலாம். பாலித்தீன் பை நாற்றுக்கு 5 முதல் 10 கிராம், நடவுக்குழிக்கு 20 கிராம், வளர்ந்த மரத்துக்கு 200 கிராம் வேரருகில். மிளகாய், தக்காளி, வெங்காயம், வாழை எல்லாவற்றுக்கும் பொருந்தும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவற்றுக்குப் போட்டால் வீண். அந்தக் குடும்பம் இந்தப் பூஞ்சையை வேருக்குள் சேர்ப்பதில்லை. மலையில் பைன் நாற்று வளர்ப்பவருக்கும் இது உதவாது. பைன் வேரை வெளியிலிருந்து உறைபோல் போர்த்துவது வேறு வகைப் பூஞ்சை. அதற்குப் பழைய பைன் மரத்தடி மண்ணையே கொஞ்சம் நாற்றங்காலில் கலக்க வேண்டும்.